கல்லூரி மாறிய விளையாட்டு வீரரை ஓராண்டு ஏன் காத்திருக்க வைத்தார்கள்?

அமெரிக்காவில் ஒரு மாணவர் பல்கலைக்கழகம் மாறினால் சேர்ந்த வாரமே புதிய இடத்தின் இசைக்குழுவில் வாசிக்கலாம், நாடகத்தில் நடிக்கலாம், மாணவர் பத்திரிகையில் எழுதலாம். கூடைப்பந்து ஆடுபவர் மட்டும் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்று ஏன் வைத்திருந்தார்கள், இப்போது ஏன் அதை எடுத்துவிட்டார்கள் என்று, நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கிவிட்டதாகப் படித்துவிட்டு, கேட்டிருக்கிறீர்கள். "மாணவரின் படிப்புக்காகத்தான்" என்று காலம் காலமாகச் சொன்னார்களே, அது உண்மைதானா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் அங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், வழக்கறிஞன் அல்ல. கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பலகு), பட்டம், தகுதி பற்றி இங்கே சொல்வதெல்லாம் கையாண்ட அனுபவம். வழக்குகளைப் பற்றிச் சொல்வது தீர்ப்புகளைப் படித்த அளவில்தான்.

விதி பிறந்த காலத்தில் அதற்கு இருந்த காரணம் மிக எளியது, நியாயமானதும்கூட. 1890களில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய பலர் பெயருக்குத்தான் மாணவர்கள். ஊர் ஊராகப் போய், எந்தக் கல்லூரி அழைக்கிறதோ அதற்காக ஆடுவார்கள். புகழ்பெற்ற உதாரணம் ஃபீல்டிங் யோஸ்ட். 1896இல் அவர் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே அந்த அணிக்கு ஆடினார். அந்த அக்டோபரில் பென்சில்வேனியாவில் உள்ள லாஃபயெட் கல்லூரியுடன் மோதிய கையோடு, அதே லாஃபயெட் கல்லூரியில் "சேர்ந்து", தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காமல் இருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் களமிறங்கினார். லாஃபயெட் 6-4 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் யோஸ்ட் மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பிப்போய்ச் சட்டப் படிப்பை முடித்தார். பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிகப் பெரிய கோச் ஆனதும் இதே மனிதர்தான். இந்தக் கூத்தை நிறுத்த, அந்த ஊரில் உண்மையிலேயே தங்கி, வகுப்புக்குப் போய், ஓராண்டு படித்துக் காட்டிய பிறகு ஆடு என்று சொல்வதைத் தவிர வேறு வழி அன்று இல்லை. 1906இல் மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சலின் அழைப்பில் கூடிய மேற்கத்தியக் கூட்டமைப்பு (தமக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் குழு), அதாவது இன்றைய பிக் டென், ஓராண்டு வசிப்பு விதியைக் கொண்டுவந்தது. முதலாண்டு மாணவர்கள் ஆடவும் தடை வந்தது. என்.சி.ஏ.ஏ. எனப்படும், கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய சங்கத்தின் முன்னோடி அமைப்பு உருவானதும் அதே ஆண்டில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அன்று இரண்டு தடைகளும் ஒரே காரணத்தில் நின்றன என்பது. புதிதாக வந்தவர் யாராக இருந்தாலும், பள்ளியிலிருந்து வந்தாலும் வேறு கல்லூரியிலிருந்து வந்தாலும், முதல் ஆண்டு படிப்புக்கு. ஆனால் 1972இல் என்.சி.ஏ.ஏ. முதலாண்டு மாணவர்களை ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் ஆட அனுமதித்துவிட்டது. பதினெட்டு வயதில் வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்த பிள்ளை முதல் செமஸ்டரிலேயே தொலைக்காட்சியில் ஆடலாம். ஏற்கெனவே இரண்டாண்டு கல்லூரி பார்த்த இருபது வயதுக்காரர் கல்லூரி மாறினால் மட்டும், "புதிய இடத்துக்குப் பழக அவகாசம் வேண்டும்" என்று ஓராண்டு காத்திருக்க வேண்டும். படிப்பு என்ற காரணம் இந்த இடத்திலேயே வலுவிழந்துவிட்டது என்பது என் கருத்து.

அதைவிடத் தெளிவான சான்று, எந்தெந்த விளையாட்டுகளுக்கு அந்தத் தடை இருந்தது என்பதில் கிடைக்கிறது. பல ஆண்டுகள் என்.சி.ஏ.ஏ.வின் மிக உயர்ந்த மட்டமான முதல் பிரிவில் "ஒருமுறை மாறும் சலுகை" இருந்தது. டென்னிஸ், நீச்சல், கோல்ஃப், தடகளம், வாலிபால் ஆடும் மாணவர் ஒருமுறை மாறலாம், பழைய கல்லூரி ஒப்புக்கொண்டால் உடனே ஆடலாம். அந்தச் சலுகை இல்லாதவை ஐந்தே விளையாட்டுகள்: ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி. நீச்சல் வீராங்கனைக்குப் புதிய வேதியியல் வகுப்பில் பழக அவகாசம் தேவையில்லை, கூடைப்பந்து வீரருக்கு மட்டும் தேவை என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். இந்தப் பட்டியலைப் பாதுகாத்துப் பேசியவர்கள், அந்த ஐந்திலும் பட்டம் பெறுவோர் விகிதம் குறைவு, மாறுவோர் அதிகம், ஆகவே கூடுதல் கட்டுப்பாடு என்றார்கள். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஆனால் அதே ஃபுட்பாலில், பெரிய மட்டத்துக் கல்லூரியிலிருந்து ஒரு படி கீழே உள்ள மட்டத்துக்கு இறங்கினால் உடனே ஆடலாம் என்றும் விதி இருந்தது. ஆடும் மட்டம் குறைந்தால் படிப்புக்குப் பழகும் காலம் குறைந்துவிடுமா? ஒரு போட்டி அணிக்கு வீரர் போய்ச் சேரும் வழியை அடைத்தது அந்த விதி. அந்தப் போட்டி இல்லாத இடத்துக்குப் போகும்போது கதவைத் திறந்து வைத்தது.

அதனால் கோச்களின் தேவைக்கு வருகிறோம். ஒரு கோச் ஒரு பையனைப் பள்ளியிலேயே கண்டுபிடித்து, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, ஸ்காலர்ஷிப் கொடுத்து, இரண்டாண்டு பயிற்சி தந்து வளர்க்கிறார். மூன்றாம் ஆண்டு அவன் எதிரணிக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருப்பது இயல்பு. அணி என்பது ஒருவருக்கொருவர் பழகி உருவாவது. ஆண்டுக்கு ஆண்டு பாதிப் பேர் மாறினால் எதையும் கட்டியெழுப்ப முடியாது. இந்தக் காரணத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. நியாயமில்லாதது, அந்தக் கட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்ததுதான். 1973 முதல் ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதாக இருந்தது. பல ஆண்டு ஸ்காலர்ஷிப் கொடுக்க மீண்டும் அனுமதி வந்தது 2012இல்தான். அதாவது கோச் ஒரு மாணவரை ஆண்டு முடிவில் விட்டுவிடலாம். கோச்சே ஒப்பந்தத்தின் நடுவில் பெரிய சம்பளத்துக்கு வேறு பல்கலைக்கழகம் போகலாம், அடுத்த வாரமே அங்கே வேலையைத் தொடங்கலாம். வீரருக்கு மட்டும் ஓராண்டு தடை.

ஓராண்டோடு போனாலும் பரவாயில்லை. பழைய கல்லூரியின் அனுமதி இல்லாமல் வேறு கல்லூரியின் கோச்சுடன் பேசவே கூடாது, அனுமதி மறுக்கப்பட்டால் புதிய இடத்தில் அந்த ஆண்டுக்கு ஸ்காலர்ஷிப்பும் கிடையாது என்ற நிலை 2018 வரை இருந்தது. 2014இல் ஸ்பெயினிலிருந்து வந்து கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய லெட்டிசியா ரொமேரோவின் விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. அவரைச் சேர்த்த கோச்சைப் பல்கலைக்கழகமே நீக்கியது. அந்தக் கோச்சை நம்பி வந்த முதலாண்டு மாணவி போக அனுமதி கேட்டார், மறுத்தார்கள். ஊடகக் கண்டனம் வலுத்த பிறகுதான் விட்டார்கள். அவர் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் போனார்.

அதற்கு மேல் ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்குள் மாறுவோருக்குக் கூடுதல் தண்டனை வைத்திருந்தது. பேக்கர் மேஃபீல்ட் ஸ்காலர்ஷிப் இல்லாமலே டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடியவர், 2014இல் ஓக்லஹோமாவுக்கு மாறினார். இரண்டும் ஒரே பிக் 12 கூட்டமைப்பில் இருந்ததால் ஓராண்டு காத்திருந்தது போதாமல், ஆடத்தக்க மொத்த ஆண்டுகளிலும் ஒன்று கழிந்தது. 2016இல் அதை மாற்றும் தீர்மானம் முதலில் 5-5 என்று விழுந்தது. சிறு திருத்தத்துடன் மறுநாள் 7-3 என்று நிறைவேறியது. அந்த ஓர் ஆண்டு திரும்பக் கிடைத்ததால்தான் அவரால் 2017இல் ஆட முடிந்தது. அந்த ஆண்டே நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும் பெற்றார். ஸ்காலர்ஷிப்பே கொடுக்காத ஒரு கல்லூரியை விட்டுப் போனதற்கு என்ன தண்டனை என்று அந்த வாக்கெடுப்புக்கு முன்பே யாராவது உரக்கக் கேட்டிருக்கலாம்.

சிறிய கல்லூரிகளைக் காப்பாற்றத்தான் விதி என்ற வாதமும் உண்டு. விதி இல்லாவிட்டால் சிறியவை வளர்க்கும், பெரியவை அறுவடை செய்யும் என்பார்கள். இது உண்மையா என்பதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன், சான்று இரு பக்கமும் இருக்கிறது. வால்டர் கிளேட்டன் நியூயார்க் மாநிலத்தின் சிறிய அயோனா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். 2023இல் கோச் ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போக, கிளேட்டன் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025இல் ஃப்ளோரிடா தேசியப் பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அவர்தான். அயோனாவுக்கு அது இழப்பு, மறுக்க முடியாது. அந்த ஆண்டு கடைசி நான்கு அணிகளும் தத்தம் பிரிவில் முதல் தரவரிசை அணிகளாகவே இருந்ததைக் காட்டி, "பாருங்கள், சிறியவர்களுக்கு இனி இடமில்லை" என்றார்கள். ஆனால் அதே போல நான்கும் முதல் தரவரிசையாக அமைந்த இன்னோர் ஆண்டு 2008. அப்போது ஓராண்டுத் தடை முழு வீச்சில் இருந்தது. மறுபக்கம், 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி என்று கிடந்த இண்டியானா ஃபுட்பால் அணிக்கு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். தன்னுடன் பல வீரர்களையும் அழைத்துவந்தார். மறு ஆண்டே 11 வெற்றி, 2 தோல்வி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் நுழைவு. தாழ்ந்து கிடந்த ஓர் அணி எழுந்தது, அதற்கான விலையை அதைவிடச் சிறிய ஓர் அணி கொடுத்தது. சமநிலை கெட்டதா, இடம் மாறியதா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகளின் கணக்கு வேண்டும்.

விதி விழுந்ததற்கு அதன் விதிவிலக்குகளே பாதிக் காரணம் என்பது நான் அருகிலிருந்து பார்த்தது. பட்டம் முடித்துவிட்டு, ஆடும் ஆண்டு மிச்சம் வைத்திருப்பவர் மேற்படிப்புக்காக மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். ஃபுட்பால் வீரர் ரசல் வில்சன் அப்படித்தான் 2011இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து விஸ்கான்சினுக்கு வந்தார். இது நல்ல விதிவிலக்கு, பட்டம் வாங்கியவருக்குத் தந்த பரிசு. தொல்லை தந்தவை, ஒவ்வொருவர் மனுவையும் தனித்தனியே பார்த்துக் கொடுத்த விலக்குகள். 2019இல் ஜார்ஜியாவிலிருந்து ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு உடனே ஆட அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு, உடல்நலம் குன்றிய தாயின் அருகில் இருக்க வேண்டும் என்று வர்ஜீனியா டெக்குக்கு மாறிய பிராக் ஹாஃப்மனுக்கு மறுத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் 100 மைலுக்குள் இருக்க வேண்டும், அவருடையது 105 மைல் என்பது. வழக்கறிஞர் வைத்து மனு எழுத வசதி உள்ளவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவிவிட்டால் எந்த விதிக்கும் மரியாதை நிற்காது. மனு எழுத வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் துயரத்தையெல்லாம் தாளில் கொட்டி முன்பின் தெரியாத ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதை என்னால் எந்த நாளும் ஏற்க முடிந்ததில்லை.

2018 அக்டோபரில், மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. மாணவர் தன் பெயரைப் பதிவு செய்யச் சொன்னால் கல்லூரி மறுக்க முடியாது, பெயர் ஏறியதும் எந்தக் கோச்சும் பேசலாம். 2021 ஏப்ரலில் எல்லா விளையாட்டுக்கும் ஒருமுறை உடனடியாக மாறும் உரிமை வந்தது. ஆக, நீதிமன்றம் தூக்கியதாக நீங்கள் படித்தது பழைய விதி முழுவதையும் அல்ல, இரண்டாம் முறை மாறுவோருக்கு மட்டும் எஞ்சியிருந்த தடையை.

அந்த வழக்கின் பின்னணியில் ஒரு நீண்ட மாற்றம் இருக்கிறது. 1984இல் தொலைக்காட்சி உரிமை வழக்கில் என்.சி.ஏ.ஏ. தோற்றது. ஆனால் தீர்ப்பில் போகிறபோக்கில், சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் தன்மையைக் காக்கும் விதிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வரிகளே கவசமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றன. 2018இல் வடக்கு இல்லினாய் பல்கலைக்கழக வீரர் பீட்டர் டெப்பியின் வழக்கில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓராண்டு விதியைச் செல்லும் என்றது அதன் பலத்தில்தான். 2021 ஜூனில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தப் பழைய வரிகள் கட்டுப்படுத்தாது, மற்ற வணிகங்களைப் போல் இவர்களும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காரணம் காட்ட வேண்டும் என்றார்கள். 2023 டிசம்பரில் ஓஹையோ உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போயின. டிசம்பர் 13இல் நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி, இரண்டாம் முறை மாறுவோர் மீதான அந்த விதிக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். அடுத்த மாதம் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமும் மாநிலங்கள் பக்கம் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ.வே விதியை மாற்றியது: படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டதால், ஓராண்டு ஆடாமல் வைப்பதால் வரும் பண நஷ்டமும் நீதிமன்றத்தில் எளிதாகக் காட்டக்கூடியதாகிவிட்டது.

நான் பழைய விதிக்காக வாதாட மாட்டேன். ஆனாலும் படிப்பு என்ற காரணம் முழுப் பொய் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மாணவர் மாறும்போது அவர் பெற்ற கிரெடிட்கள் அப்படியே போவதில்லை. 2017இல் அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம், 2004 முதல் 2009 வரை மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்களை இழந்ததாக மதிப்பிட்டது. அது எல்லா மாணவர்களுக்குமான கணக்கு, விளையாட்டு வீரர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் திசை அதுதான். விளையாட்டு மாணவருக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் தான் எடுத்த பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 என்று முடித்திருந்தால்தான் ஆடத் தகுதி. பொறியியலுக்காகப் படித்த பாடங்களைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டாலும் "விருப்பப் பாடம்" என்ற கணக்கில்தான் வைக்கும். அப்போது 60 சதவீதம் வராது. வர வைக்க ஒரே வழி, எதையும் கூட்டிச் சேர்த்துக் கணக்குக் காட்டக்கூடிய ஒரு பொதுப் பட்டத்துக்கு அந்த மாணவரை மாற்றுவது. என் மேசைக்கு முன் உட்கார்ந்து இதைக் கேட்ட முகங்களை எனக்கு நன்றாகத் தெரியும். இதோடு, பட்டம் தர வேண்டுமானால் மொத்தப் பாடத்தில் கால் பங்காவது தங்களிடமே படித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. நான்காண்டில் மூன்று இடம் மாறியவருக்கு இது கடைசி செமஸ்டரில்தான் தெரியவரும். ஆடும் ஆண்டுகள் தீர்ந்திருக்கும், பட்டம் இருக்காது.

எனவே மாணவரின் படிப்புக்காக என்று சொல்லப்பட்ட விதி, உண்மையில் அணியின் கட்டுப்பாட்டுக்காக நின்றது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதை எடுத்தபோது படிப்புக்கான பாதுகாப்பை வேறு உருவில் யாரும் வைக்கவில்லை. இப்போது எஞ்சியிருப்பவை: படிப்புத் தகுதி, போர்ட்டலில் பெயர் பதியும் காலவரம்பு (2022இல் ஃபுட்பாலுக்கு மொத்தம் 60 நாள், படிப்படியாகக் குறைத்து 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை), போர்ட்டலில் இல்லாதவரைப் பிற கோச்கள் அணுகக் கூடாது என்ற தடை, ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் மட்டுமே ஆடலாம் என்ற கணக்கு. கடைசியாகச் சொன்னதும் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. 2024 டிசம்பரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக வீரர் டியேகோ பாவியாவுக்கு, ஜூனியர் கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி) ஆடிய ஆண்டை அந்தக் கணக்கிலிருந்து கழிக்கக் கூடாது என்று ஒரு நீதிபதி இடைக்கால உத்தரவு கொடுத்தார். காலவரம்பு வைப்பதை நான் ஆதரிக்கிறேன், அது யாரையும் ஆடாமல் நிறுத்துவதில்லை. ஓராண்டுத் தடையை மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் எனக்கு வேறு கோரிக்கை இருக்கிறது. மாறும் மாணவரை ஏற்கும் பல்கலைக்கழகம், அவர் கையெழுத்திடும் முன்பே எந்தக் கிரெடிட் எந்தப் பட்டத்துக்கு எண்ணப்படும் என்று எழுத்தில் தர வேண்டும். அவரை ஆட வைத்த பிறகு, ஆடும் காலம் முடிந்தாலும் அந்தப் பட்டம் முடியும்வரை கட்டணத்தை அதுவே ஏற்க வேண்டும். இந்தச் செலவு கோச்சின் கணக்கில் வந்தால், ஒரு சீசனுக்காக மட்டும் ஒருவரை அழைக்கும் முன் கோச்களே ஒருமுறை யோசிப்பார்கள்.